அன்னிய ஆற்றில் என் பொய்யைப் பொறுத்த பெருமாள்

இதை எழுத ஆறு வருஷம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், வெட்கம் வந்துரும், வச்சிருவேன். பெருமாள் செய்த உதவியைச் சொல்லணும்னா நான் செய்த தப்பையும் சொல்லணுமே. இந்தப் புரட்டாசியில் மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. எழுதிட்டேன்.

எனக்கு ஜெகநாதப் பெருமாள் கோயில் இருக்கிற திருப்புல்லாணிக்கு மேற்கே ஒரு கிராமம். மழை இல்லாமல் மிளகாய்ச் செடி கருகிய வருஷம், மலேசியாவுக்கு, பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்ட வேலைக்குப் போனேன். எங்களுக்குக் கொடுத்தது ஆற்றுத் தண்ணிக்கு மேலே மரக்கால் ஊன்றிக் கட்டிய பலகை வீடு. தோட்டமும் ரோடும் அக்கரையில். வேலை வாங்கும் மேஸ்திரி தமிழர்தான். என் ஊரைக் கேட்டார். "ராமேஸ்வரம் பக்கம்" என்றேன். "அப்ப நீ கடல்காரன். இன்ஜின் படகு இனி உன் பொறுப்பு" என்றார். வெயிலில் குலை வெட்டுறதுக்கு இது தேவலை என்று நினைத்து, "ஆமாங்க" என்றேன். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.

அன்றோடு நிம்மதி போச்சு. முதல் வாரமே படகை, மாட்டைக் கட்டுற மாதிரி குட்டையாக இறுக்கிக் கட்டிவிட்டேன். கடலுக்குப் பக்கத்து ஆறு, தண்ணி ஏறி இறங்கும். காலையில் பார்த்தால் தண்ணி இறங்கி, படகு கயிற்றில் தொங்குது. கூடத் தங்கியிருந்த சாயல்குடி முனியசாமி அண்ணன், "ஏலே, உங்க ஊருல படகைக் காயப் போடுவீகளோ?" என்று சிரித்தார். இன்னொரு நாள் சேற்றில் ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு சொன்னேன்.

அது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. நான் விரதம். மத்தியானம் அண்ணனுக்குக் கடும் காய்ச்சல், நிற்க முடியவில்லை. அக்கரை போனால்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி. ஆற்றுக்கு மேல்பக்கம் மழை பெய்து ஆறு செவேலென்று ஓடியது. அண்ணனைப் படகில் ஏற்றி, அவசரத்தில் அவிழ்த்த கயிற்றை உள்ளே இழுத்துப் போடாமல் படகைக் கிளப்பினேன். நடு ஆற்றில் கயிறு, தண்ணிக்குள் சுற்றுற இன்ஜின் காத்தாடியில் சிக்கிச் சுற்றியது. இன்ஜின் நின்றது. படகு பக்கவாட்டில் திரும்பிக் கடலைப் பார்த்துப் போகுது. தண்ணி உள்ளே அடிக்குது.

"என்னமாச்சும் செய்யிலே, கடல்காரா!"

"அண்ணே, நான் கடல்காரன் இல்லண்ணே. எனக்குப் படகே தெரியாது. நீந்தவும் தெரியாது."

"இதை இப்பவாலே சொல்லுவ? எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்குலே!"

கையெடுத்துக் கும்பிட்டுக் கத்தினேன். "ஜெகநாதா, பொய் சொன்னவன் நான். என்னை எடுத்துக்க. இந்த மனுசனைக் கரை சேர்த்துரு."

அடுத்த வளைவில் படகு எதிலோ முட்டி நின்றது. யாரோ மீன் வலைக்காக ஆற்றில் வரிசையாக மரம் ஊன்றியிருந்தார்கள். ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப் பிடித்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு மலாய்க்காரர் வந்தார். தண்ணி கூடுதே, வலை போயிருமே என்று அவிழ்க்க வந்தவர். அவர் படகில் எங்களைக் கரை சேர்த்தார். அண்ணன் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார்.

நான் மறுநாளே மேஸ்திரியிடம் உண்மையைச் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டி, குலை வெட்ட அனுப்பினார். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதுக்குப் பிறகு தெரியாததைத் தெரியும் என்று சொன்னதில்லை.

கஷ்டத்தில் தவிக்கிறவங்க பெருமாள்கிட்ட எதையும் மறைக்காமல் சொல்லிருங்க. நம்ம தப்பைக் கேட்டு முகம் திருப்புற சாமி இல்லை அது.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்க. ஒரு வார்த்தைகூட மாத்தாதீங்க. என் மேல இரக்கப்பட்டு அந்தப் பொய்யை மட்டும் விட்டுராதீங்க. அதோடு சேர்த்துத்தான் பெருமாள் என்னைக் கரையேற்றினார்.