ஹாஜியார் வீட்டு பேசினுக்குக் கீழே வைத்த வாளி

புத்தளத்தில் முப்பது வருடம் பைப் பாஸாக, அதாவது குழாய் வேலைக்காரனாக இருந்தவன் நான். ஏழு டைல்களை வீணாக உடைத்த கதை இது. தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வாசிக்கலாம்.

ஒரு நாள் காலை ஹாஜியார் ஒருவர் அவசரமாகக் கூப்பிட்டார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மைக்கில் அறிவிப்பவரும் அவர்தான். அவர் வீட்டில் காலையில் நிரம்பும் மேல் டேங்க், பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பே காலியாகிவிடுகிறதாம்.

"பைப் எங்கயாவது வெடிச்சிருக்கணும். இல்லாட்டி இது மாப்புள்ளட வேல. உப்பளத்தால வந்து அவர் குளிக்கிற குளிப்புக்கு டேங்க் என்ன, கடல் களப்பே வத்திப் போகும்," என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருந்தார். எத்தாளை என்ற ஊர்க்காரர்.

பெரிய மனிதர் சொல்கிறாரே என்று தண்ணீர் மீட்டரைக்கூடப் பார்க்காமல், ஏழு டைல்களோடு குளியலறைச் சுவரை உடைத்தேன். உள்ளே எல்லாம் காய்ந்து கிடந்தது. சொட்டு ஈரமில்லை.

"அப்ப மாப்புள்ளதான். இனி குளிக்க அவர்ட உம்மா வீட்டுக்கே போகட்டும்," என்று ஹாஜியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை அறைக்குள் போய்ச் சாரம் சட்டைகளைப் பையில் அடுக்கத் தொடங்கினார். மகள் அழுதாள்.

"வாப்பா, அவர் ஒத்த வாளியில குளிக்கிறவர். அவர் போனா நானும் போவன்!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் உடைத்த சுவர்தான் அந்த மனுசனுக்கு எதிரான சாட்சி.

அந்த நேரம் பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. கசிவு அங்கே இருக்குமோ என்று கை கழுவும் பேசினுக்குக் கீழே வேஸ்ட் பைப்பைக் கழற்றி, வாளி வைத்திருந்தேன். ஹாஜியார் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழு எடுக்க வந்து, தண்ணீர் டெப்பை முழுதாகத் திறந்தார். கையைக் கழுவிக்கொண்டே இன்றைக்குச் சோற்றுக்கு என்ன ஆணமென்று குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவியை விசாரித்தார். வாய் கொப்பளிக்கும்போது போன் வந்தது. யாருடையதோ போட் எஞ்சின் பற்றி நிதானமாகக் கதைத்தார். தண்ணீரும் நிதானமாக ஓடியது. நான் கீழே குந்தியிருந்து வாளி மாற்றினேன். கால் கழுவும் கட்டத்துக்கு வருவதற்கு முன்பே இரண்டரை வாளி நிரம்பிவிட்டது.

வாளிகளை அவர் முன்னால் வரிசையாக வைத்தேன். "ஹாஜியார், இது ஒரு வக்துத் தொழுகைக்கு. ஐஞ்சு வக்துக்கும் நீங்களே கணக்குப் பாத்துக்கொள்ளுங்க."

"வணக்கத்துக்கு எடுக்கிற தண்ணிக்கும் கணக்கா?" என்று சீறினார்.

குசினியிலிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார். "மைக்குல ஊருக்குச் சொல்றது என்ன, இங்க செய்றது என்ன?"

ஹாஜியார் வாளிகளைப் பார்த்தார். அறைக்குள் இருந்த பையைப் பார்த்தார். டெப்பை மூடினார்.

"மாப்புள்ள, இங்க வாங்க. காலுக்குக் கொஞ்சம் ஊத்துங்க."

மாப்பிள்ளை பையை வைத்துவிட்டு, கோப்பையில் நல்ல தண்ணீர் எடுத்து வந்து ஊற்றினார். இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே கோப்பை. ஹாஜியார் நிமிர்ந்து பார்த்தார்.

"காணும் மாமா, இவ்வளவு போதும்," என்றார் மாப்பிள்ளை.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தேன். பிறகு பேசினுக்குக் கீழிருந்த வால்வைப் பாதிக்குத் திருகி வைத்தேன். அந்த வீட்டுக்குத் தேவைப்பட்ட பைப் வேலை அவ்வளவுதான்.

அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், சுத்தியலைத் தொடுமுன் டெப் திறக்கிறவரைத்தான் பார்த்தேன். பலர் கோபித்தார்கள். கோபித்தவர் இரண்டு நாளில் திரும்பக் கதைப்பார். உடைத்த டைலுக்கு அதே நிறத்தில் இன்னொன்று புத்தளம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.