அம்மா தடுத்த சத்தியம்

தம்பியின் இடது கை மடங்கியபடியே நின்றுபோனதற்கு அம்மை குத்த வந்தவர்தான் காரணம் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. எட்டு வயதுக்காரி எனக்கும்தான்.

திருவட்டாற்றுக்கு மேற்கே எங்கள் ஊர். பெரியம்மை வராமலிருக்க அந்த நாளில் சர்க்கார் ஆள் ஒருவர் வீடு வீடாக வந்து குத்திவிட்டுப் போவார். அவர் தலை தெரிந்ததும் பிள்ளைகள் நாங்கள் வாழைத்தோட்டத்துக்குள் ஓடிவிடுவோம். தம்பிக்கு ஓடுகிற வயதில்லை, அகப்பட்டான். குத்திய இடம் கொப்புளித்தது, காய்ச்சலும் வந்தது. அம்மன் இறங்கியிருக்கிறாள், ஆஸ்பத்திரி கூடாது என்றார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். சூடு தணியட்டும் என்று அம்மா பசுஞ்சாணத்தில் மஞ்சளைக் குழைத்துக் கொப்புளத்தின்மேல் வைத்துக் கட்டினாள். மறுநாளும் கட்டினாள். துணியைக் கிழித்துக் கொடுத்தது நான். கை முட்டுவரை சீழ்வைத்து, ஒருவழியாக ஆறியபோது நிமிராமல் போயிற்று.

அழுக்கு ஊசியால் குத்திவிட்டார் என்று அப்பா வழக்குப் போட்டார். குத்துக்காரருக்கு வேலையே போகும் நிலை. கோர்ட்டுக்கு நடந்து நடந்து இரண்டு பக்கமும் சலித்தபிறகு, வக்கீலே ராசியாகப் போகச் சொல்லிவிட்டார். மாமாதான் நடுவில் நின்று பேசி முடித்தார். குத்துக்காரர் இசக்கியம்மன் கோயிலில் ஈரவேட்டியோடு எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, தன் ஊசியில் குற்றமில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் வழக்கு வாபஸ். செய்யாவிட்டால் நஷ்டஈடு. எங்கள் பக்கத்தில் சத்தியம் விளையாட்டுக் காரியமல்ல. பொய்ச்சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது. குற்றமில்லாதவனைச் சத்தியம் செய்யவைத்தவன் குடும்பமும் விளங்காது.

வெள்ளிக்கிழமை காலையில் ஊரே கோயிலில் நின்றது. குத்துக்காரர் குளத்தில் முங்கி, வேட்டி சொட்டச் சொட்ட வந்தார்.

“என்னவே, கை வெறைக்கு? பிள்ளையக் குத்தும்போ வெறைக்கலியே!” என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

“தண்ணி குளிரு அண்ணாச்சி” என்றவர், கற்பூரம் ஏற்றியதும் நேராகக் கையை ஓங்கினார்.

அந்த நேரத்தில்தான் தம்பியை இடுப்பில் வைத்தபடி அம்மா குறுக்கே வந்து விழுந்தாள்.

“வேண்டாம் அண்ணே! சத்தியம் வேண்டாம். நீங்க வீட்டுக்குப் போங்க.”

அப்பா கத்தினார். “ஏட்டி, உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? அவன் பிள்ளையக் கெடுத்தவன்!”

“கேஸ விட்டிருங்க. என் பிள்ளையளாவது மிஞ்சட்டும்.”

கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. ஊர்முன்னால் தலைகுனிந்த அப்பா வழக்கை விட்டார். அம்மாவோடு பேசுவதையும் ரொம்பக் காலம் விட்டார். தம்பிக்குக் கிடைக்கவேண்டிய நியாயத்தை அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று எனக்கும் ஆத்திரம். அவள் பிசைந்து தந்த சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்துபோனேன்.

அம்மா போய் வெகுகாலமாகிறது. போன மாதம் மகளின் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தோம். நர்ஸ் பிள்ளை என் பக்கம் திரும்பி, “குத்தின எடத்தில ஒண்ணும் வச்சிக் கெட்டிராதீங்க அம்மா. சும்மா விட்டா ஆறிரும்” என்றாள். அன்றைக்கு அம்மாவுக்கு நான் கிழித்துக் கொடுத்த துணி கண்முன் வந்து நின்றது.

தம்பி மீசை முளைத்த பிறகும் அம்மா அவனுக்கு ஊட்டிவிடுவாள். வலது கை நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு இந்தச் செல்லம் என்று நான் முணுமுணுப்பேன். ஊட்டும்போது அவள் அவன் வாயைப் பார்க்கமாட்டாள். அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.