பதினாறு சுற்று

என் அக்கா வீட்டுக்காரரை எல்லோரும் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் அத்தான். ஆள் உயர இரும்புச் சாவி ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு, விடிகிற நேரத்தில் தெருத்தெருவாகப் போய்க் குடிநீர் திறந்துவிடுவது அவர் வேலை. முப்பத்திரண்டு வருஷமாக அதே வேலை. அவர் பிந்தினால் நூறு வீட்டில் அடுப்பு பிந்தும். அவருக்குக் காய்ச்சல் என்று பார்க்க வருகிறவர்கள்கூட, "நாளைக்குத் தண்ணி உண்டுல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் உடம்பைப் பற்றி விசாரிப்பார்கள்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர் செய்தது உங்களுக்குப் புரியாது. ஒவ்வொரு தெருமுனையிலும் தரைக்குள் ஒரு வால்வு இருக்கிறது. மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே இறக்கிச் சுற்ற வேண்டும். எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று என்று ஒரு கணக்கு உண்டு. பள்ளத்தில் இருக்கும் தெருவுக்குப் பத்து போதும். எங்கள் தெரு மேடு, அதற்குப் பதினெட்டு. அவசரப்பட்டுச் சுற்றினால் குழாய் அதிர்ந்து எங்காவது பிய்த்துக்கொள்ளும். அத்தான் நிதானமாகச் சுற்றுவார், உதட்டுக்குள் எண்ணிக்கொள்வார். முடித்ததும் சாவியின் பிடியில் காதை வைத்துக் கேட்பார். தண்ணீர் ஓடும் ஓசை இரும்பு வழியாக ஏறி வருமாம். நானும் ஒரு தரம் வைத்துப் பார்த்தேன். காது சில்லிட்டதுதான் மிச்சம்.

அப்படிப்பட்ட மனிதர் எங்கள் தெருவுக்குப் பதினோரு வருஷமாகப் பதினாறு சுற்றுதான் கொடுத்துவந்தார். வேண்டுமென்றே.

காரணம், அந்தத் தெருவின் கடைசியில் அவருடைய சொந்த அண்ணன் குடியிருந்தார். அவர்களுடைய அம்மா இறந்த அன்று பெரிய குழாய் ஒன்று உடைந்து, அத்தான் இடுப்பளவு சேற்றுக் குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். விட்டுவிட்டு வர முடியாது. "ஒரு மணி நேரம் பொறுங்க, வந்துடறேன்" என்று ஆள் அனுப்பினார். அண்ணன் பொறுக்கவில்லை. சேறு காயாத உடம்போடு அத்தான் ஓடிவந்தபோது வீடு கழுவிவிடப்பட்டிருந்தது. அம்மாவின் முகத்தை அவர் கடைசியாகப் பார்க்கவேயில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும், சண்டை வந்திருந்தால் தீர்ந்தும் போயிருக்கும். என் அத்தானுக்கு வாய் கிடையாது, அதுதான் வினையே.

நாலாம் நாள் வேலைக்குப் போனார். எங்கள் தெரு வால்வில் பதினாறு எண்ணியதும் கை நின்றுவிட்டது. பிற்பாடு என்னிடம் அதை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. "அன்னைக்குக் கை தானா நின்னுச்சு மாப்ள. மறுநாள் நான்தான் நிறுத்தினேன்."

அதற்குப் பிறகு தினமும் நிறுத்தினார். எவனுக்கும் தெரியாது. தெருவின் கீழ்ப்பாதியில் ஒரு வித்தியாசமும் இல்லை. மேட்டில் கடைசி நாலைந்து வீட்டில்தான் அழுத்தம் குறையும். அண்ணன் வாளியோடு குழாயடியில் காத்துக்கிடப்பதாக நினைத்துக்கொண்டு, தினமும் காலையில் அவருக்கு ஒரு சின்ன நிம்மதி.

நான் அதே தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். துணி தைப்பது பாதி, ஊர்க்கதை கேட்பது பாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் வாய் சும்மா இருக்குமா? முந்தின நாள் கடைக்கு வந்த மாடி வீட்டு அம்மாவைப் பற்றி ஆரம்பித்தேன். அவருடைய இளைய மகனுக்குக் கல்யாணம். வீட்டில் எல்லோருக்கும் புதுத்துணி. அளவெடுக்கிறேன், மூத்த மருமகள் மட்டும் சுவரோரமாக நிற்கிறாள்.

"இவங்களுக்கு எடுக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"இவளுக்கு எதுக்கு? அன்னைக்கு இவ இங்க இருக்கமாட்டா. நாளைக் கழிச்சு அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பறேன். புதுசா ஒருத்தி உள்ள வர்றப்ப இவ மூச்சு படக் கூடாது."

அந்தப் பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஒத்துக்கொண்டவள் மாதிரி நின்றாள்.

"அப்படி என்ன பண்ணிட்டா?" என்று அக்கா கேட்டாள்.

"தண்ணியாம்க்கா. இவ கால் வெச்ச நேரந்தான் மாடிக்குத் தண்ணி ஏறாமப் போச்சாம். பதினோரு வருஷமா கீழ்க்குழாய்லேர்ந்து காலைல இருபது வாளி இவதான் சுமக்கறா. அதுலேர்ந்து வீட்ல எது நடந்தாலும் இவ தலையிலதான். மாமனார் நெஞ்சு வலியில போனதும் இவளாலதான், புருஷனுக்கு வேலை போனதும் இவளாலதான். ராசியில்லாதவன்னு பேரே வெச்சுட்டாங்க."

அத்தானின் கை தட்டிலேயே நின்றது. "எந்த வீடு?"

"உங்க அண்ணன் வீட்டுக்கு எதிர் மாடி."

"அண்ணன் வீட்ல தண்ணி வருதா?"

"அவருக்கென்ன, ராஜா! தரைக்கடியில தொட்டி கட்டி மோட்டார் போட்டுப் பத்து வருஷமாச்சு. குழாய்ல மிச்சம் மீதி இருக்கறதையும் அதுதான் உறிஞ்சிக்குதே."

அத்தான் எழுந்து கை கழுவிவிட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. அக்கா என்னைத்தான் முறைத்தாள். சாப்பிடுகிற நேரத்தில் ஊர்வம்பு பேசியதற்குக் கிடைக்க வேண்டியதுதான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, பிறகு அந்தப் பெண் சுவரோரமாக நின்றது ஞாபகம் வந்தது. செய்த வினை செய்தவன் வாசலைத் தேடி வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இதுவோ செய்தவரையும் தொடவில்லை, குறிவைத்த ஆளையும் தொடவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு வீட்டுக்குள் புதுப்பெண்ணாக நுழைந்தவள் பேரில் போய் உட்கார்ந்துகொண்டது.

"அவ மேல உங்களுக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாதே அத்தான்," என்றேன்.

"எண்ணம் இருந்துச்சே மாப்ள. அது யாரு மேலன்னு தண்ணிக்கு எப்படித் தெரியும்?"

"சரி விடுங்க. நாளைக்குப் பதினெட்டு சுத்துங்க. தண்ணி ஏறும், வீட்ல பேச்சு அடங்கும். வெளிய சொன்னா வேலையும் போகும், மானமும் போகும். ஓய்வுக்கு இன்னும் ஒண்ணரை வருஷந்தான் இருக்கு."

அந்த மகா புத்திசாலி யோசனை என்னுடையதுதான். பழியை அவர் தலையில் மட்டும் போட எனக்கு மனசில்லை. அவரும் பாவம், சரியென்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை விடிகாலையில் பதினெட்டு சுற்றினார். மாடி வீட்டுக் குழாய் பதினோரு வருஷத்துக்குப் பிறகு திறந்த வேகத்தில் கொட்டியது. ஆனால் அந்தப் பெண் அதைப் பார்க்கவில்லை. அதற்கு அரை மணி முன்னால்தான் ஒரு பையோடு முதல் பஸ்ஸுக்கு அவளை அனுப்பிவிட்டிருந்தார்கள்.

காலை பத்து மணிக்கு மாடி வீட்டு அம்மா என் கடை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "பாத்தீங்களா? அவ படி இறங்கினா, தண்ணி படி ஏறிடுச்சு! நான் சொன்னப்ப ஒருத்தராவது நம்பினீங்களா? இனிமே அவ அங்கேயே கெடக்கட்டும். நான் கூப்பிடறதா இல்ல."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். போன வாரம் வரை அவளுக்காகப் பரிதாபப்பட்ட மளிகைக்கடைக்காரரும் ஆட்டினார். கண்ணெதிரே கொட்டுகிற தண்ணீரை யார் மறுக்க முடியும்? கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு அத்தானிடம் ஓடினேன்.

நான் சொல்லி முடிக்கிறவரை கேட்டார். பிறகு ஒரு தாள் கேட்டு, தான் செய்ததை அலுவலகத்துக்கு நாலு வரியில் எழுதினார். அதிகாரி படித்துவிட்டுச் சிரித்தாராம். "ரெண்டு சுத்தா? இத யாரு அளந்து பாக்கப் போறா? கிழிச்சுப் போட்டுட்டு வேலையப் பாருங்க பெரியவரே." அத்தான் கிழிக்கவில்லை. மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தார். ஒரு மாதத்தில் தெரு வேலையை விட்டு நீரேற்று நிலையத்துக்கு மாற்றினார்கள், ஓய்வுவரை அங்கேதான் இருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே மாடி வீட்டுக்கு நானும் கூடப் போனேன். தனியாக அனுப்பப் பயம். கூடத்தில் அந்த அம்மாவும் மூத்த மகனும் இருந்தார்கள். அத்தான் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னார். மூடாமல், மறைக்காமல், அண்ணன் மேல் இருந்த கோபம் உட்பட. மகன் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்தான். அத்தான் கையைத் தடுக்கவில்லை. அவனுக்கே என்ன தோன்றியதோ, பிடித்த கை தளர்ந்துவிட்டது.

அம்மா மட்டும் அசையவில்லை. "நல்ல மனுஷனாத்தான் இருந்திருக்கீங்க. அவ வந்த நேரம், உங்க புத்தியையும் கெடுத்திருக்கு."

"இல்லம்மா. உங்க மருமக வர்றதுக்குப் பதிமூணு நாள் முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன். எங்கம்மா செத்த தேதி எனக்கு மறக்குமா? ஆரம்பிச்சுப் பதிமூணாம் நாள் உங்க வாசல்ல கல்யாணப் பந்தலைப் பாத்தேன். உங்க மாடித் தொட்டி கொஞ்சங்கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கும், கல்யாணக் கூட்டத்துல காலியானப்பதான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"முன்னாடின்னா? அப்பவே நிச்சயம் பண்ணியாச்சே!" என்றார் அந்த அம்மா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் மகன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பதினோரு வருஷத்தில் அன்றுதான் அவன் காது திறந்தது என்று நினைக்கிறேன். "நாளைக்குக் காலைல நான் போறேன். நீங்களும் வந்து அவகிட்ட இதே மாதிரி சொல்லணும்," என்றான் அத்தானிடம்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். சின்ன வீடு. பின்கட்டில் துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷனைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. இன்னும் என்ன கெட்டது நடந்ததோ என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கும்.

அத்தான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். முந்தின நாளைவிடக் குரல் தாழ்ந்திருந்தது. அவள் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் வர்றதுக்கு முன்னாடியேவா?"

"பதிமூணு நாள் முன்னாடிம்மா."

"பதிமூணு நாள்," என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். பிறகு அங்கே கிடந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் கிட்டே போய், "கிளம்பு, வீட்டுக்குப் போலாம். கல்யாணத்துல நீ முன்னாடி நிக்கணும். அம்மாவ நான் பாத்துக்கறேன்," என்றான். அவள் சரியென்று தலையசைத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

உள்ளே அவளுடைய தங்கை மகள் பாடப் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் பார்த்தபடியே அத்தானிடம் சொன்னாள்.

"அவங்க சொன்னது பரவால்லீங்க, அவங்க சுபாவம் அது. நானே நம்பிட்டேன். எந்த ஜென்மத்துல யாரு தண்ணியத் தடுத்தேனோ, அதான் என் கர்மம்னு நெனச்சேன். என் தங்கச்சிக்கு இவ பொறந்தப்ப, அக்கா நீ முதல்ல தூக்குன்னு நீட்டினா. என் கை பட்டா புள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு நான் வாங்கவே இல்ல. இன்னிவரைக்கும் தூக்கினதில்ல. இப்ப ஏழு வயசு ஆச்சு. இனிமே அவளை எப்படிங்க இடுப்புல தூக்கறது?"

அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவரைத் தேற்றவில்லை.