வல்லூறின் மஞ்சள் கண்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். அப்போது திருவண்ணாமலை கிரிவலப் பாதையை ஒட்டி, அடி அண்ணாமலையில் குடியிருந்தோம். கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே மலைதான்.

என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். கண் இரண்டிலும் மஞ்சளை அரைத்துப் பூசியதுபோல் இருந்தது. ஆஸ்பத்திரி மாத்திரையும் கொடுத்தேன், கீழாநெல்லியும் அரைத்துக் கொடுத்தேன். மனுஷன் நாளுக்கு நாள் சுருண்டுகொண்டே போனார். எனக்குக் கதிகலங்கிவிட்டது. கொல்லையில் மேய்ந்த குஞ்சுகளில் ஒரு சேவல் குஞ்சைப் பிடித்து, காலில் மஞ்சள் துணி கட்டி, “அவர் எழுந்து நடந்தா இது உனக்கு” என்று ஊர் எல்லை முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் அந்த வல்லூறு வர ஆரம்பித்தது. பருந்து மாதிரிதான், ஆனால் சின்னது. வானத்தில் வட்டமெல்லாம் அடிக்காது. வேப்பமரத்தில் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். உச்சி வெயிலில் தரையில் ஒரு நிழல் ஓடும், தாய்க்கோழி ஒரு மாதிரியாகக் கத்தும், அவ்வளவுதான், ஒரு குஞ்சு குறைந்திருக்கும். கடைசியில் மஞ்சள் துணி கட்டியது மட்டும் மிஞ்சியது. நேர்ந்துவிட்டதைப் பறவை தூக்கினால், சாமி வேண்டுதலை ஏற்கவில்லை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இந்தக் குஞ்சு போனால் அவரும் போய்விடுவார் என்று என் மனசில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது.

ஏரியில் மீன் பிடிக்கிறவரிடம் பழைய வலை ஒன்றைக் கேட்டு வாங்கினேன். சவுக்குக் கம்பு நட்டு, கோழி மேய்கிற இடத்துக்கு மேலே பந்தல் மாதிரி கட்டினேன். பறவை மிரளட்டும் என்று பழைய கேசட் நாடாவையும் குறுக்கே இழுத்துவிட்டேன். காற்று அடித்தால் அது யாரோ முனகுவதுபோல் ‘ம்ம்ம்’ என்று சத்தம் போடும்.

பக்கத்து பாய் வீட்டு அக்கா சுவர்மேல் எட்டிப் பார்த்தார். “இழுத்துக் கட்டும்மா. தொளதொளன்னு உட்டா எதுனா மாட்டிக்கினு உசுர உட்டுடப் போவுது.”

“இருக்கிற தெம்புக்கு இவ்ளோதான்க்கா முடியும்” என்று எரிந்து விழுந்தேன்.

குஞ்சு பிழைத்தது. அவருக்குத்தான் ஜாஸ்தியாகிவிட்டது. நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தார்.

ஒருநாள் நடுப்பகல். காற்றே இல்லை. நாடாவின் முனகலும் இல்லை. கோழிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவருக்குக் கஞ்சித் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கண்ணைத் திறந்து மேலேயே பார்த்தார்.

“மேல கட்டியிருக்கிறத அவுத்து உட்டுடு. மூச்சு முட்டுது.”

டம்ளரை அப்படியே கீழே வைத்தேன். வலை கட்டிய விஷயத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை. படுத்ததிலிருந்து அவர் கொல்லைப் பக்கம் போனதும் இல்லை.

ஓடினேன். வலை தொய்ந்திருந்த இடத்தில் அந்த வல்லூறு தலைகீழாகத் தொங்கியது. இறக்கையிலும் கழுத்திலும் நூல் சுற்றி இறுகியிருந்தது. அலகைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. அதற்கு நேர் கீழே என் சேவல் குஞ்சு, கொஞ்சமும் நகராமல் நின்றது. கிட்டே போனதும் வல்லூறு என்னைப் பார்த்தது. ஐயோ, அந்தக் கண்! உள்ளே கட்டிலில் நான் விட்டுவந்த அதே மஞ்சள்.

அறுத்துவிட்டால் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அறுக்காமல் அப்படியே விட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். “முனீஸ்வரா, இனிமே நீயாச்சு!” என்று அழுதுகொண்டே கத்தரிக்கோலை எடுத்து வந்து ஒவ்வொரு நூலாக வெட்டினேன். வல்லூறு பொத்தென்று குஞ்சின் பக்கத்திலேயே விழுந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி அப்படியே இருந்தன. பிறகு வல்லூறு எழும்பி, நான் வெட்டிய ஓட்டை வழியாக மலைப் பக்கம் போய்விட்டது. குஞ்சைத் தொடவே இல்லை.

உள்ளே வந்தேன். அவர் நெற்றியெல்லாம் வேர்த்து, நன்றாக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் எழுந்து, “பசிக்குது, எதுனா குடு” என்றார். அன்றைக்கே வலையைப் பிரித்துப் போட்டேன். சேவல் வளர்ந்ததும் அவரே நடந்து வந்து வேண்டுதலை முடித்தார்.

அவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். “மருந்து கேட்டுச்சு, அவ்ளோதான். ஜன்னியில எதையோ உளறியிருப்பேன், நீ ஒருத்தி” என்பார். இருக்கலாம். ஆனால் இன்றைக்கும் காலையில் அவர் விழித்ததும் நான் முதலில் பார்ப்பது அவர் கண்ணைத்தான். அது வெள்ளையாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அன்று நான் கத்தரிக்கோலை எடுக்காமல் இருந்திருந்தால் யாருடைய மூச்சு நின்றிருக்குமோ என்று நினைத்து உடம்பு சிலிர்த்துப்போகிறது.