மாலை போட்ட சாமியை அடிக்கக் கூடாது

நேற்று அல்சூர் பஸ் ஸ்டாப்பில், கறுப்பு வேட்டி கட்டிய ஒரு பொடியனை அவன் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அதட்டினாள்: “சாமி, ரோட்ல ஓடாதீங்க சாமி!”

தொண்ணூற்றைந்தில் இதே அல்சூரில் நானும் சாமிதான். பத்து வயது. சபரிமலைக்கு அப்பாவோடு மாலை போட்டிருந்தேன். மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அடிக்கவும் கூடாது. அந்த இரண்டாவது விதிக்காகவே நான் பக்திமான் ஆனேன். விடியற்காலைப் பச்சைத்தண்ணீர்க் குளியல், வீடெல்லாம் கற்பூர வாசனை, ஒருவேளைச் சோறு என நாற்பத்தேழு நாள் தாங்கினேன். மலைக்குக் கிளம்பவேண்டிய அன்று, பேக்கரியில் முட்டை பஃப்பைக் கண்டதும் விழுந்துவிட்டேன்.

கறுப்பு வேட்டியில் பஃப் தூள் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. அம்மா வாசலிலேயே மறித்தாள். “சாமி, கொஞ்சம் வாயை ஊதுங்க சாமி.”

ஊதினேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். விரதத்துக்காகப் பீடியை விட்டிருந்த அப்பா, வெறும் விரல்களைத் தேய்த்தபடி கேட்டார்.

“எத்தனை சாப்ட்டீங்க சாமி?”

“ஒண்ணுதான் சாமி.”

“இருமுடி கட்ட குருசாமி காத்துட்டிருக்கார். வரீங்களா, மாலையைக் கழட்டறீங்களா? நீங்களே சொல்லுங்க சாமி.”

வருகிறேன் என்றால் மலை உண்டு, அடி இல்லை. ஆனால் தினமும் காலையில் என் காலைத் தொட்டுக் கும்பிட்ட அப்பா எதிரே நிற்கிறார். சாமி படத்தின் முன்னால் போய் மாலையைக் கழற்றினேன். உடனே இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டேன்.

அப்பா கிட்டே வந்தார். நாற்பத்தேழு நாளுக்குப் பிறகு என் பெயரைச் சொன்னார்.

“சோறு தின்னுட்டுப் படு, குமாரு. அடுத்த வருஷம் மொதல்லேர்ந்து விரதம் இருந்துட்டுப் போலாம்.”