கட்டிலில் உருண்ட குழந்தை

பதினொரு வருடமாக ஸ்டாதிஸ் என் மேல் ஒரே பழியைப் போட்டுக்கொண்டிருந்தான். எங்கள் கிரேக்க ஊர் வழக்கப்படி, பிள்ளை பிறக்க வேண்டுமென்று அவன் கல்யாணத்துக்கு முன்னால் புதுக் கட்டிலில் ஆண் குழந்தையை உருட்டிவிடுவது மாப்பிள்ளைத் தோழனான என் வேலை. கைக்குக் கிடைத்தது என் மகள்தான், அவளையே உருட்டிவிட்டேன். அதனால்தான் அவனுக்குப் பிள்ளை இல்லையாம். நான் காப்பிக்கடைக்குள் நுழைந்தாலே, "கட்டிலைக் கெடுத்தவன் வந்துட்டான்யா!" என்று எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் லாரிசா நகரத்தில் குழந்தைப்பேறு டாக்டரிடம் அவனை நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். டாக்டர் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்தார்.

"உங்க சம்சாரத்துகிட்ட ஒரு குறையும் இல்லைங்க. உங்க விந்துலதான் உயிரணு ரொம்பக் கம்மி. வைத்தியம் பண்ணிப் பார்க்கலாம்."

எந்த டிராக்டர் படுத்தாலும் எழுப்பிவிடுகிற மெக்கானிக் ஸ்டாதிஸ், திரும்பும் வழியெல்லாம் தலையைத் தூக்கவில்லை. ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"என் பொண்டாட்டி லெமோனியாகிட்ட இன்னைக்கே சொல்லிடறேன் அண்ணே. காப்பிக்கடையில மட்டும் அந்தக் கட்டில் கதையே இருக்கட்டும். கட்டிலைக் கெடுத்தது நான்தான்னு நீயே சொல்லிடு."