தாடியில்லாத ராசா

உலகத்தில் எத்தனையோ பவுண் இருக்க, எங்கள் மாமாவுக்கு ஒரு காலத்தில் பிரேசிலில் இருந்த பேரரசின் பவுண் காசுகள்தான் வேண்டும். லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஓர் உணவகத்தில் வாரம் முழுவதும் கொத்துரொட்டி கொத்திவிட்டு, ஞாயிறானால் பழங்காசுச் சந்தைக்குப் போய்விடுவார். அவரிடம் மூன்று காசுகள் சேர்ந்திருந்தன. மூன்றிலும் ஒரே ராசா. ஒன்றில் குழந்தை, மற்றதில் இளைஞன், மூன்றாவதில் தாடிக்காரன். குழந்தைக் காசு கிடைக்கத்தான் வருடக்கணக்காகக் காத்திருந்தாராம். அதைத் தொட எனக்கு மட்டும் அனுமதி உண்டு, அதுவும் விளிம்பில்.

மாமிக்கு இந்தப் பைத்தியம் பிடிபடவேயில்லை.

"பவுணெண்டால் கழுத்தில கிடக்கவேணும். பெட்டியில கிடந்து என்ன செய்யிறது?"

அக்கா பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு வந்தது. தாய்மாமன் சங்கிலி போடவேண்டும். இருந்ததில் பளபளப்பான காசை மாமி எடுத்து, பதக்கமாக்கச் சொல்லி பிலிப்-து-ஜிரார் தெரு நகைக்கடையில் கொடுத்துவிட்டு வந்து, நல்ல செய்தியாக மாமாவிடம் சொன்னாள். மாமா வீட்டுச் செருப்போடு ஓடினார். பின்னால் நானும் ஓடினேன்.

நகைக்கடைக்காரர் குழந்தைக் காசைக் குறட்டில் பிடித்திருந்தார்.

"அண்ணை, கை வையாதேங்கோ! வளையம் ஒட்டினால் செத்துப்போம்!" என்று மாமா வாசலிலிருந்தே கத்தினார்.

"ஐயோ, ஆர் சாகிறது?"

"ராசா!"

காசு தப்பியது. வளையம் ஒட்டிவிட்டால் பழங்காசுக்கு மதிப்பே இல்லையாம். திரும்பும் வழியில் மாமா எனக்கு வடை வாங்கித் தந்தார். தானும் சந்தோசத்தில் மளமளவென்று தின்றார்.

சாமத்தியவீட்டன்று மாமா அக்காவுக்குச் சங்கிலி போட்டார். பதக்கத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன். குழந்தை ராசா, தலைக்கு மேல் வளையத்தோடு! மாமா தேம்பித் தேம்பி அழுதார். "மருமகளில எவ்வளவு பாசம்" என்று பெண்கள் உருகினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமி வென்றுவிட்டாள், மனிதர் காசுக்காக அழுகிறார், இது இந்தச் சனத்துக்கு விளங்கவில்லையே என்று பெருமையாகவும் இருந்தது.

அக்காவின் கல்யாணத்தில் அதே பதக்கத்தைப் பார்த்தபோது, வென்றது நீங்கள்தானே என்று மாமியைச் சீண்டினேன்.

"நானோ? நான் பேந்து அந்தக் கடைப்பக்கமே போகேல்லை. அடுத்த நாள் அவர் தானாத்தான் கொண்டுபோய்க் குடுத்தவர். தாடிக்காரனைக் குடுங்கோவன் எண்டு நானே சொன்னனான். 'பிள்ளையின்ரை கழுத்துக்குப் பிள்ளைதான் வடிவு' எண்டிட்டார்."

அன்றைக்கு அந்தச் சாமத்தியவீட்டு மண்டபத்தில் விளங்காமல் இருந்தது நான் ஒருத்திதான்.